மன அழுத்தம், உடல்நலம், மகிழ்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன அழுத்தம் என்று உளவியல் எதைக் குறிப்பிடுகிறது?

இதற்கு மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் மூன்று விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன், ஆபத்தை உணர்ந்த விலங்கின் உடல் எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ நொடிப்பொழுதில் ஆயத்தமாவதைப் பற்றி 1915இல் விரிவாக எழுதினார். கனடாவின் மான்ட்ரியால் நகரில் எலிகளை வைத்து ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், நஞ்சு, கடும் உழைப்பு என எதற்கு ஆட்படுத்தினாலும் அவற்றின் உடலில் ஒரே வகையான மாற்றங்கள் தோன்றுவதை 1936இல் அறிவித்தார். அட்ரினல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண்கள் உண்டாயின. முதலில் அதிர்ச்சி, அடுத்துத் தாக்குப்பிடித்தல், இறுதியில் சோர்ந்து வீழ்தல் என்ற மூன்று கட்டங்களை அவர் வகுத்தார்.

இந்த விவாதத்தை உடலிலிருந்து மனத்துக்கு நகர்த்தியவர் உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ். அவரும் சூசன் ஃபோல்க்மனும் 1984இல் முன்வைத்த விளக்கத்தின்படி, ஒரு சூழ்நிலை எதிர்ப்படும்போது மனிதர் தமக்குள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்: இதனால் எனக்குக் கேடு உண்டா? உண்டென்றால், சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது? சுமை கையிருப்பை மிஞ்சிவிட்டது என்ற மதிப்பீடே அழுத்தமாகிறது. இந்த விளக்கத்தைப் பலர் "எல்லாம் நம் எண்ணத்தில்தான் இருக்கிறது" என்று சுருக்கிவிடுகிறார்கள். அது பெரிய பிழை. கையிருப்பு என்பதில் பணமும் நேரமும் ஆள்துணையும் அடங்கும். திடீரென்று வரும் 10,000 ரூபாய் மருத்துவச் செலவை மாதச் சம்பளக்காரரும் தினக்கூலிக்குச் செல்பவரும் ஒரே மனநிலையில் எதிர்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அழுத்தத்தின்போது உடலுக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து கட்டளை இரண்டு வழிகளில் செல்கிறது. நரம்புகளின் வழியே செல்லும் கட்டளை நொடிகளுக்குள் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. அதனால் இதயத்துடிப்பு கூடுகிறது, கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, செரிமானம் தற்காலிகமாக மந்தமாகிறது. தேர்வு அறைக்குள் நுழைகையில் நாக்கு உலர்வதற்கும் வயிற்றைப் பிசைவதற்கும் இதுவே காரணம். பிட்யூட்டரி சுரப்பி வழியே செல்லும் கட்டளை, சில நிமிடங்கள் கழித்துக் கார்டிசாலைக் கொண்டுவருகிறது.

கார்டிசாலை உடலின் எதிரியைப் போலச் சித்திரிக்கும் பேச்சு இப்போது அதிகம். உண்மையில் அது நாள்தோறும் விடியற்காலையில் உயர்ந்து இரவில் தாழும், நாம் உயிர்வாழ இன்றியமையாத ஒரு ஹார்மோன். ஆபத்து கடந்த பிறகும் எச்சரிக்கை அடங்காமல் நீடிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. துரத்தும் நாயிடமிருந்து சில நிமிடங்களில் தப்பிவிடலாம். கடனோ, படுக்கையில் கிடக்கும் பெற்றோரின் பராமரிப்போ, என்று போகும் என்று தெரியாத வேலையோ ஆண்டுக்கணக்கில் தொடரும். இவ்வாறு ஓயாமல் விழித்திருக்கும் உடலில் சேரும் தேய்மானத்தைப் புரூஸ் மெக்யூவன் 1990களில் விளக்கிக் காட்டினார். இரத்த அழுத்தம், இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, சர்க்கரையின் அளவு, உறக்கக் குறைவு ஆகியவை ஒன்றையொன்று மோசமாக்கிக்கொண்டு போகின்றன.

அழுத்தம் உண்மையிலேயே நோயை வரவழைக்குமா? நம்பத்தகுந்த சான்று இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் மிகக் கவனமாகச் சேர்க்கப்பட்ட சான்று. ஷெல்டன் கோஹனும் அவருடைய குழுவினரும் நல்ல உடல்நிலையில் இருந்த 394 தன்னார்வலர்களின் அழுத்த நிலையை முதலில் கேள்வித்தாள்களின் மூலம் அளந்தார்கள். பிறகு சளிக் காய்ச்சலை உண்டாக்கும் ஐந்து வகை வைரஸ்களில் ஒன்றைச் சொட்டு மருந்துபோல அவர்களுடைய மூக்கில் விட்டுத் தனிமைப்படுத்திக் கவனித்தார்கள். 1991இல் வெளியான முடிவுகளின்படி, அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் சுமார் 27 விழுக்காட்டினருக்கும் மிக அதிகமாக இருந்தவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்கும் சளி பிடித்தது. எந்த வகை வைரஸைப் பெற்றவர்களிடமும் இந்தப் போக்கு ஒன்றுபோலவே இருந்தது. அவை புகுந்த உடல்களின் எதிர்ப்பாற்றலே வேறுபட்டது. இதே குழு 1998இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் முக்கியமானது என்று கருதுகிறேன். ஒரு மாதத்துக்குக் குறைவான கடும் நெருக்கடி சளி பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்த தொல்லைகள், அவற்றிலும் குறிப்பாக வேலையின்மையும் நெருங்கிய உறவில் ஓயாத பிணக்கும், அந்த வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டின.

ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடத்திய ஆய்வும் இங்கே சொல்லத்தக்கது. நினைவிழப்பு நோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அவர்களை ஒத்த வயதும் வருமானமும் கொண்ட வேறு 13 பெண்களுக்கும், முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பராமரிப்பாளர்களின் காயம் ஆறச் சராசரியாக 48.7 நாட்கள் பிடித்தன, மற்றவர்களுக்கு 39.3 நாட்கள் போதுமானதாக இருந்தன. ஆய்வு சிறியது என்பது உண்மை. ஆயினும் இதே ஆய்வாளர்கள் பல் மருத்துவ மாணவர்களிடம் பார்த்தபோதும், கோடை விடுமுறையில் ஏற்பட்ட காயத்தைவிடத் தேர்வுக் காலத்தில் ஏற்பட்ட காயம் ஆற ஏறத்தாழ 40 விழுக்காடு அதிக நாட்கள் பிடித்தன.

வயிற்றுப்புண் கவலையால்தானே வருகிறது?

நெடுங்காலம் மருத்துவர்களே அப்படி நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை வயிற்றிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தப் பாக்டீரியாவும் சிலவகை வலி மாத்திரைகளுமே பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்குக் காரணம். அழுத்தம் நிலைமையை மோசமாக்கலாம் என்றாலும், "டென்ஷனைக் குறையுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பப்படும் நோயாளி கிடைத்திருக்க வேண்டிய மருந்தை இழக்கிறார். வலிக்கு முதலில் உடல் சார்ந்த காரணத்தைத் தேட வேண்டும்.

பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தானே அழுத்தமும் மாரடைப்பும் அதிகம்?

இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது எப்படிப் பொய்த்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1958இல் ஜோசப் பிரேடி இரண்டிரண்டு குரங்குகளாக அமரவைத்து ஓர் ஆய்வு நடத்தினார். ஒரு குரங்கு நெம்புகோலை அழுத்தினால் இரண்டுக்குமே மின்னதிர்ச்சி தவிர்க்கப்படும். மற்றதற்கு எதுவும் செய்ய வழியில்லை. பொறுப்பேற்ற குரங்குகளுக்கே வயிற்றுப்புண் வந்தது. "அதிகாரிக் குரங்கு" என்று செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. முதலாளிகளும் மேலாளர்களும்தான் அதிகம் துன்புறுகிறார்கள் என்பதற்கு அறிவியல் சான்று கிடைத்ததாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் ஓர் ஓட்டை இருந்தது. நெம்புகோலை வேகமாக அழுத்தக் கற்றுக்கொண்ட குரங்குகளே பொறுப்பான இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. அதாவது, இயல்பிலேயே பதற்றம் கூடிய விலங்குகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டன. பின்னர் ஜே வைஸ் எலிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அதே சோதனையைச் செய்தபோது விடை தலைகீழானது. அதிர்ச்சியை நிறுத்தும் வாய்ப்பு இருந்த எலிகளுக்குப் புண்கள் குறைவாகவும், அதே அளவு அதிர்ச்சியைப் பெற்றும் எதுவும் செய்ய இயலாத எலிகளுக்குப் புண்கள் அதிகமாகவும் இருந்தன. அதிர்ச்சி வரப்போவதை முன்கூட்டியே ஓர் ஒலியால் அறிவித்தபோதும் புண்கள் குறைந்தன.

மனிதர்களிடம் இதே உண்மையை வெளிப்படுத்தியது லண்டனின் வைட்ஹால் ஆய்வு. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களான ஏறத்தாழ 18,000 ஆண்களை வைத்து 1967இல் இது தொடங்கியது. இவர்களில் யாரும் பட்டினி கிடப்பவர் அல்லர். எல்லோருக்கும் நிலையான வேலையும் இலவச மருத்துவ வசதியும் இருந்தன. ஆயினும் மைக்கேல் மார்மட்டும் மற்றவர்களும் 1978இல் வெளியிட்ட கணக்கின்படி, கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளின் விகிதத்தைப்போல 3.6 மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கப்படாமல் எஞ்சியது. இறப்பு விகிதம் பணியின் ஒவ்வொரு படியிலும் மாறியது. மேலிருந்து இரண்டாம் படியில் இருந்தவர்கள்கூட முதல் படியில் இருந்தவர்களைவிட மோசமான நிலையிலேயே இருந்தார்கள். 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேருடன் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையைத் தாமே தீர்மானிக்கும் வாய்ப்பு குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பதைக் காட்டியது. வேலைப்பளு மிகுந்தும் முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் பணியே உடலை அதிகம் வருத்தும் என்று ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

இலக்கைத் தாமே நிர்ணயிக்கும் மேலாளர் இரவு பத்து மணி வரை உழைக்கலாம். எழுந்து கழிப்பறைக்குச் செல்லவே மேற்பார்வையாளரின் அனுமதியைக் கேட்க வேண்டிய தையல் தொழிலாளி எட்டு மணி நேரம் மட்டுமே உழைக்கலாம். இந்த இருவரில் யாருடைய உடல் அதிகம் தேயும் என்பதற்கு மேற்சொன்ன ஆய்வுகள் விடையளிக்கின்றன. எனவே, பணியிட அழுத்தத்துக்குத் தீர்வாக ஊழியர்களுக்கு ஒரு நாள் யோகாசன வகுப்பு நடத்திவிட்டுப் பணிமுறையை அப்படியே விட்டுவைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. யோகாசனம் நல்லது. ஷிஃப்ட் அட்டவணையை ஒரு வாரம் முன்னதாகச் சொல்வதும், விடுப்பு எடுக்கும் நாளைத் தேர்ந்துகொள்ள விடுவதும் அதைவிடப் பயன் தரும்.

நிலைமை நம் கையில் இல்லாதபோது என்ன செய்வது?

லாசரஸும் ஃபோல்க்மனும் சமாளிக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பிரச்சினையையே கையாள்வது ஒன்று. பிரச்சினையால் எழும் உணர்ச்சிகளைக் கையாள்வது மற்றொன்று. மாற்றக்கூடியதை எதிர்கொள்ளும்போது முதல் வழியும், மாற்ற இயலாததை எதிர்கொள்ளும்போது இரண்டாம் வழியும் பொருந்துகின்றன. வட்டி கட்ட முடியாமல் தவிப்பவர் வங்கிக்குச் சென்று தவணையை மாற்றியமைக்கக் கேட்காமல் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்துகொண்டிருந்தால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதேபோல, மறைந்துபோன ஒருவருக்காகத் துயருறுபவரிடம் "அடுத்து என்ன செய்யலாம் என்று பார்" என்பதும் பொருந்தாத அறிவுரை.

பெரிய நிலைமைகளில் பெரும்பாலானவை இரண்டும் கலந்தவை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் செய்த ஆய்வு இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி அமைப்பது, எந்த நாள் திரைப்படம் பார்ப்பது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்யலாம் என்று கூறி, விரும்பிய செடியைத் தேர்ந்தெடுத்துத் தாமே வளர்க்கச் சொன்னார்கள். மற்றொரு தளத்தில் செடியைக் கொடுத்துவிட்டு, தாதியர் நீரூற்றுவார்கள் என்றார்கள். மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்புடனும் மகிழ்ச்சியுடனும் இருந்தார்கள். 18 மாதங்களுக்குப் பின் அவர்களிடையே இறப்பும் குறைவு என்று வந்த செய்தி பெரிதும் பரவியது. அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதன்று என்று ஆய்வாளர்களே பிறகு திருத்தம் வெளியிட்டதைப் பலர் குறிப்பிடுவதில்லை. எனினும், முதுமையையும் நோயையும் மாற்ற இயலாத இடத்தில்கூட, சிறிய முடிவுகளை எடுக்கும் உரிமை மனத்தைத் தாங்கிப்பிடிக்கிறது என்ற முதல் கண்டுபிடிப்பை நம்பலாம். வயதான பெற்றோருக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிட வேண்டும் என்று அன்பு மிகுந்து நினைக்கும் பிள்ளைகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கவலையை நினைக்காமல் இருக்க முயன்றால் போதாதா?

குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை நம்மிடையே வழங்குகிறது. டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்த நினைவு மீண்டும் மீண்டும் வந்தது. தடை நீக்கப்பட்ட பிறகு, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்கள் அதை அதிகம் நினைத்தார்கள்.

இதன் மறு எல்லையும் தீங்கானது. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, சூசன் நோலன்-ஹோக்சிமாவின் குழு அதற்கு இரண்டு வாரங்கள் முன்புதான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையை அளந்து வைத்திருந்தது. வருத்தம் வந்தால் அதையே திரும்பத் திரும்ப மனத்தில் அசைபோடும் பழக்கம் உடையவர்களுக்கு, ஏழு வாரங்களுக்குப் பிறகும் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. "ஏன் எனக்கு மட்டும்?" என்று சுற்றிச்சுற்றி வரும் எண்ணம் எந்த முடிவையும் எட்டுவதில்லை. எண்ணத்தை எழுத்தில் கொண்டுவருவது சிலருக்கு உதவுகிறது. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் ஆழ்ந்த துயரைப் பற்றி நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடங்கள் எழுதிய மாணவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். பின்வந்த ஆய்வுகளில் பயன் சிறிதாகவே காணப்பட்டது. செலவில்லாத வழி என்பதால் முயன்று பார்க்கலாம். எழுத எழுத மனம் மேலும் கலங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

மது, புகை?

இரண்டும் தரும் ஆறுதல் மிகக் குறுகியது. மது உறக்கத்தின் தரத்தைக் கெடுக்கிறது. சிகரெட் தணிக்கும் பதற்றத்தின் பெரும்பகுதி, முந்தைய சிகரெட்டின் நிக்கோட்டின் குறைவதால் எழுந்த பதற்றமே.

உறவுகள் எவ்வளவு உதவுகின்றன?

ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட்டின் குழு 148 ஆய்வுகளை, அவற்றில் இடம்பெற்ற 3,08,849 பேரின் தகவல்களை, ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்டது. உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிருடன் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம்.

ஆனால் குடும்பம் என்றாலே துணை என்று எடுத்துக்கொள்வது சரியாகாது. கோஹனின் ஆய்வில் சளிக்கு வழிவகுத்தவற்றில் உறவுப் பிணக்கும் ஒன்று. கீகோல்ட்-கிளேசரின் ஆய்வில் காயம் ஆறாமல் தவித்தவர்கள் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள். ஒரு வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கும் பெண்ணுக்கு ஆறுதல் யார் என்று கேட்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் அறிவுரை கூறிச் செல்வதைவிட, "இன்று மாலை நான் இருக்கிறேன், நீங்கள் போய் உறங்குங்கள்" என்று சொல்வது பேருதவி.

பணம் மகிழ்ச்சியைத் தருமா?

டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010இல், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021இல் அதை மறுத்தார். கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் வாதிட்டுக்கொண்டிராமல், பார்பரா மெல்லர்ஸுடன் சேர்ந்து தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2023இல் ஒரே கட்டுரையாக வெளியிட்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெரும்பாலானவர்களுக்கு வருமானத்துடன் மகிழ்ச்சியும் மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. மகிழ்ச்சி மிகக் குறைந்த நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், ஓர் அளவுக்குப் பிறகு பணம் அவர்களுடைய துயரைக் குறைப்பதில்லை. ஏழ்மையில் இருப்பவரிடம் "பணத்தில் என்ன இருக்கிறது" என்று சொல்ல இந்த ஆய்வுகளில் எதுவும் இடம் தரவில்லை.

நேர்மறையாக எண்ணினால் புற்றுநோயைக்கூட வெல்லலாமா?

டேவிட் ஸ்பீகலின் குழு 1989இல், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களில் ஆதரவுக் குழுக் கூட்டங்களில் பங்கேற்றவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்ததாக அறிவித்தது. பெரும் நம்பிக்கையை ஊட்டிய இந்த முடிவு, 2001இல் 235 பெண்களிடம் நடத்தப்பட்ட கனடிய ஆய்விலும், 2007இல் ஸ்பீகல் தாமே மீண்டும் செய்து வெளியிட்ட ஆய்விலும் உறுதிப்படவில்லை. கனடிய ஆய்வில் பங்கேற்ற பெண்களுக்கு வலியும் மனத்துயரும் குறைந்தன. அதுவே போதிய பயன். "மனத்தை உறுதியாக வைத்துக்கொண்டால் குணமாகிவிடும்" என்று நோயாளியிடம் சொல்பவர்கள், நோய் முற்றும்போது அந்தப் பழியையும் அவர் மீதே சுமத்துகிறார்கள். அழவும் அஞ்சவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அதனால் அவருடைய ஆயுள் குறையும் என்பதற்குச் சான்று இல்லை.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

அழுத்தம் பொதுவாக அதன் காரணம் விலகும்போது தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியில், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுதல், தகுதியற்றவன் அல்லது தகுதியற்றவள் என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்துகளும் உள்ளன. மார்பு வலி, மூச்சுத்திணறல் போன்றவற்றைப் பதற்றம் என்று தாமே முடிவு செய்யாமல் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தற்கொலை எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அந்த எண்ணம் எழுந்தவர் அழைக்கும் நிலையில் இல்லையென்றால், அருகில் இருப்பவர் அழைத்துப் பேசிவிட்டு, அவரைத் தனியே விடாமல் உடன் இருக்க வேண்டும்.